ஒரே ஒரு பார்வையாளருக்கான வி.ஆர். நாடகம்: உள்ளங்கையில் சாவியை வைப்பது எப்படி?

திரைவிலக்கி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 14 ஆண்டுகளாகச் சிறிய அரங்குகளில் நாடகம் இயக்கி வருகிறேன். இப்போது எங்கள் குழு ஒரு நேரத்தில் ஒரே ஒரு பார்வையாளருக்கு நடத்தும் நாடகம் ஒன்றை உருவாக்க முயன்று வருகிறது. பார்வையாளர் வி.ஆர். (மெய்நிகர் உண்மை) ஹெட்செட் என்னும், கண்களை மூடும் திரைக் கருவியை அணிந்திருப்பார், நாடகம் 20 நிமிடம். எழுத்து வேலை முடிந்துவிட்டது. தொழில்நுட்பத்திலும், அதைவிட அதிகமாக எங்களுக்குள் நடக்கும் விவாதத்திலும் சிக்கிக்கொண்டிருக்கிறோம்.

கதை எளியது. முதியவர் ஒருவர் தாம் பிறந்து வளர்ந்த வீட்டைக் காலி செய்யும் கடைசி இரவு அது. பார்வையாளர்தான் அவருடைய பிள்ளை. பார்வையாளருக்கு வசனம் கிடையாது. முதியவர் கேட்பவற்றுக்குத் தலையசைத்தாலும் சரி, பேசாமல் இருந்தாலும் சரி, நாடகம் நகரும். ஹெட்செட்டுக்குள் அந்த வீடு தெரியும். பேச்சு வளர வளர அலமாரி, நாற்காலி, சன்னல் என்று ஒவ்வொன்றாக மறைந்து, பிறகு சுவர்களும் மறைந்து, கடைசியில் ஒரு மேசையும் அதற்கு அந்தப் பக்கம் முதியவரும் மட்டும் எஞ்சுவார்கள். முதியவராக நடிப்பவர் அதே அறையில், அதே தொலைவில், உண்மையான மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். அவருடைய அசைவுகளைச் சென்சார்கள் வழியே வாங்கி உள்ளே தெரியும் உருவத்துக்குக் கொடுக்கலாம் என்பது எங்கள் எண்ணம். முடிவில் அவர் பையிலிருந்து ஓர் இரும்புச் சாவியை எடுத்துப் பார்வையாளரின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடுகிறார். கண் பார்க்கும் சாவியும் கை உணரும் சாவியும் ஒரே கணத்தில் ஒன்றாக வேண்டும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் மீதி 19 நிமிடத்தையும் எழுதினேன் என்று சொன்னால் மிகையாகாது.

காட்சியை 360 பாகைக் கேமராவில் முன்பே படம்பிடித்துவிடலாமா, அல்லது கணினி அந்தந்த நொடியில் வரைந்து காட்டும் முறைக்கே போக வேண்டுமா என்பது முதல் குழப்பம். படம்பிடிப்பது எங்களுக்குக் கைவந்த வேலை. இரண்டாவதற்கு ஆள் தேட வேண்டும். சாவி விஷயத்தை இரண்டு முறையிலும் எப்படிச் சாதிப்பது என்று தெரியவில்லை. ஒருவருக்கு 20 நிமிடம் என்றால் ஒரு நாளில் எத்தனை பேருக்குக் காட்ட முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் குழுவின் மூத்த நடிகர் ஒருவர், "ஒருவருடைய கண்ணை மூடி அதற்குள் படம் ஓட்டுவதற்கு நாடகம் என்ற பெயர் எதற்கு?" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. இத்தகைய வேலையைச் செய்தவர்கள், பார்த்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

கம்பிவடம்

அரங்கில் விளக்கு கட்டத் தொடங்கி, கடந்த சில ஆண்டுகளாக வி.ஆர். நிகழ்வுகளுக்குத் தொழில்நுட்பம் பார்த்து வருகிறேன். உங்கள் மூத்த நடிகருக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை. சாவியைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் 360 பாகைக் காணொளியை மறந்துவிடுங்கள். அது ஒரே புள்ளியில் நின்ற கேமரா பார்த்த உலகம். பார்வையாளர் தலையைத் திருப்பினால் காட்சி திரும்பும். ஆனால் மேசைமேல் இருப்பதை உற்றுப் பார்க்க அவர் முன்னால் குனிந்தால் எதுவும் அருகில் வராது, உலகம் முழுவதும் அவரோடு சேர்ந்து நகர்வதுபோல் இருக்கும். உடல் நகர்ந்தது என்று உள்காது சொல்லும், நகரவில்லை என்று கண் சொல்லும்; இந்தச் சண்டையிலிருந்துதான் குமட்டல் பிறக்கிறது. உட்கார்ந்தே பார்ப்பவருக்கு இது ஓரளவு தாங்கும் என்றாலும், முன்பே படமாக்கப்பட்ட முதியவர் பார்வையாளர் தலையசைக்கும் வரை காத்திருக்க மாட்டார். உங்கள் நாடகம் நிற்பதே அந்தக் காத்திருப்பில்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே யூனிட்டி, அன்ரியல் போன்ற கேம் எஞ்சின் (கணினி விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருள்) ஒன்றில் வீட்டைக் கட்டிக்கொள்வதே வழி. இதற்கு ஆள் தேடும்போது அழகாக வரைபவரைவிடச் சிக்கனமாக வரைபவரைத் தேடுங்கள். தலை அசைந்ததற்கும் கண்முன் படம் மாறுவதற்கும் இடையே ஏறத்தாழ 20 மில்லிவினாடிக்கு மேல் போகக் கூடாது என்பது இத்துறையில் பொதுவாகப் பின்பற்றும் அளவு. நொடிக்கு 72 அல்லது 90 ஃப்ரேம்களை இரண்டு கண்களுக்கும் தனித்தனியே வரைய வேண்டும். கணினியோடு இணைக்காமல் தனியே இயங்கும் ஹெட்செட்டில், மரத்தின் வரிவரை தெரியும் அலமாரியை வைத்துவிட்டு இந்த வேகத்தையும் எதிர்பார்ப்பது நடக்காது. முகமும் அப்படித்தான். முதியவரின் முகத்தை உயிருள்ளவர் முகம்போல் துல்லியமாகச் செய்துவிட்டு, கைகளுக்கும் தலைக்கும் மட்டும் அசைவு கொடுத்தால், எதிரே உட்கார்ந்திருப்பது பிணம் என்று பார்வையாளருக்குத் தோன்றும். கோட்டோவியமாக இருந்தால் அதே குறையைக் கண் பொருட்படுத்தாது.

அடுத்தது இருட்டு. இப்போது பரவலாகக் கிடைக்கும் ஹெட்செட்டுகள் தம் மேலுள்ள கேமராக்களால் அறையைப் பார்த்துத்தான் தாம் எங்கே இருக்கிறோம் என்று கணிக்கின்றன. நாடகக்காரர்கள் வழக்கப்படி அறையைக் கறுப்புத் துணியால் போர்த்தி விளக்கை அணைத்துவிட்டால் அவற்றுக்கும் கண் தெரியாது. வெறும் வெள்ளைச் சுவரும் ஆகாது. பிடித்துக்கொள்ள அடையாளம் எதுவும் இருக்காது. ஒருமுறை ஒத்திகையில் மேசை மெல்ல மிதந்து இடப்புறம் போய்க்கொண்டே இருந்தது. காரணம் தெரியாமல் அரை நாளை வீணடித்தோம். எங்கள் ஒளியமைப்பாளர் அழகுக்காக விளக்கைக் கால்வாசியாகக் குறைத்திருந்தார். சுவரில் பழைய சுவரொட்டிகளைத் தாறுமாறாக ஒட்டி, விளக்கை முழுதாகப் போட்டதும் மேசை நின்ற இடத்தில் நின்றது. பார்வையாளருக்கு அந்தச் சுவர் தெரியப்போவதில்லை. எனவே அசிங்கமாக இருந்தால் பரவாயில்லை. நடிகருக்கு இருட்டு வேண்டுமென்றால் அகச்சிவப்பு விளக்குகளை வைத்துப் பாருங்கள், பல ஹெட்செட்டுகளின் கேமராக்களுக்கு அந்த ஒளி தெரியும்.

மேசையைத் தரையோடு முடுக்கிவிடுங்கள். ஒவ்வொரு நாளும் காட்சிக்கு முன் மேசையின் இரண்டு மூலைகளை, ஹெட்செட்டோடு வரும் கைக்கருவியான கன்ட்ரோலரால் தொட்டு, உள்ளேயிருக்கும் மேசையை வெளியே இருப்பதன்மேல் பொருத்துங்கள். பார்வையாளர் உள்ளே பார்க்கும் மேசை விளிம்பில் கையை வைத்து, அங்கே உண்மையில் மரம் இருப்பதை உணர்ந்துவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் காட்டும் மற்றவற்றையும் அவர் நம்பத் தொடங்கிவிடுவார்.

இப்போது சாவி. நீங்கள் நினைக்கிறபடி பார்வையாளரின் கை, நடிகரின் கை, சாவி மூன்றையும் தனித்தனியே தடம்பிடிக்க முயன்றால் தோற்பீர்கள். ஹெட்செட்டின் கேமரா விரல்களை அடையாளம் காண்பது கை தனியாக இருக்கும்வரைதான். ஒரு கை மற்றொரு கையை மூடிய அந்தக் கணத்திலேயே அது குழம்பிப்போய் விரல்களைக் கண்ட திசையில் முறுக்கிக் காட்டும். உங்கள் நாடகத்தின் உச்சமும் அந்தத் தொழில்நுட்பத்தின் மிக மோசமான கணமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

நான் செய்வதாக இருந்தால் நடிகரின் மணிக்கட்டில் ஒரு டிராக்கரை (கை எங்கே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் சிறு கருவி) கட்டி, உள்ளே தெரியும் சாவியை அவர் விரல்களோடு ஒட்டிவிடுவேன். அவர் கை மேசையைக் கடந்து வரும்வரை பார்வையாளருக்குச் சாவி தெரியட்டும். தொடுவதற்கு அரை நொடி முன்னால் உள்ளே எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். முழு இருட்டு, முதியவரின் குரல் மட்டும். அந்த இருட்டில் இரும்பு உள்ளங்கையில் படட்டும், விரல்கள் மூடட்டும். வெளிச்சம் திரும்பும்போது மூடிய கையை மட்டும் காட்டினால் போதும். மூடிய கைக்குள் இருக்கும் சாவியை யாரும் வரைய வேண்டியதில்லை. இருட்டு நமக்குப் பழகிய கருவி, அதை ஏன் விட வேண்டும்?

நடிகரின் பேச்சை மைக்கில் வாங்கிக் காதொலிப்பானில் கொடுக்க வேண்டாம். காதை மூடாத ஒலிபெருக்கி கொண்ட ஹெட்செட்டைப் பயன்படுத்தி, வீட்டின் ஓசைகளை மட்டும் அதில் மெல்லப் போட்டு, நடிகரின் குரல் அறையின் காற்று வழியே நேராக வரட்டும். கண் பார்க்கும் திசையிலிருந்தே குரலும் வருவதற்கு ஈடாக எந்த மென்பொருளும் இல்லை.

இன்னொன்று: இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டி, ஹெட்செட் இல்லாமலே நாடகம் முழுவதையும் நான்கைந்து பேருக்கு நடத்திப் பாருங்கள். அதில் உயிர் இல்லையென்றால் ஹெட்செட்டாலும் கொடுக்க முடியாது.

மூன்றாம் மணி

மேலே சொன்னவரின் இருட்டு யோசனை அருமை. நான் நடிகன். ஒரு பார்வையாளர், ஒரு நடிகர் என்ற வகையில் இரண்டு நாடகங்களில் நடித்திருக்கிறேன். ஒன்றில் ஹெட்செட் இருந்தது, மற்றதில் இல்லை. உங்கள் மூத்த நடிகரின் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

'மெய்நிகர் உண்மை' என்று நாம் மொழிபெயர்க்கும் தொடரைக் கணினிக்காரர்கள் கையில் எடுப்பதற்கு வெகுகாலம் முன்பே நாடகக்காரர் ஒருவர் பயன்படுத்திவிட்டார் என்று அவரிடம் சொல்லுங்கள். பிரெஞ்சு நாடகக் கோட்பாட்டாளர் அந்தோனின் ஆர்த்தோ, 1938-இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுப்பில், அரங்கில் உருவாகும் உலகத்தை இதே சொற்களால் குறித்தார். தலையில் மாட்டிக்கொள்ளும் முப்பரிமாணக் கருவியைக் கணினி அறிவியலாளர் ஐவன் சதர்லண்ட் செய்து காட்டியது 1968-இல். அது கூரையிலிருந்து தொங்கிய ஓர் இயந்திரக் கையோடு இணைக்கப்பட்டிருந்தது. கணினி வல்லுநர் ஜேரன் லேனியர் இந்தத் தொடரைப் பிரபலமாக்கியது 1980-களில்.

ஒரே பார்வையாளர் என்பதும் கருவியோடு வந்த புதுமை கிடையாது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஒன்ட்ரூரெண்ட் ஹூட் குழு 2007-இல் எடின்பரோ ஃப்ரிஞ்ச் விழாவில் காட்டிய நாடகத்தில், பார்வையாளர் ஒருவர் ஒருவராகக் கண்ணும் கையும் கட்டப்பட்டுச் சக்கர நாற்காலியில் அமர்த்தப்பட்டார். மணமும் சுவையும் தொடுதலும் குரலுமே அங்கே நாடகம். கறுப்புத் துணியால் முதலில் செய்து பாருங்கள் என்று கம்பிவடம் சொன்னதைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. அதே நாட்டில் எரிக் யோரிஸின் க்ரூ குழு, இன்றைய மலிவான ஹெட்செட்டுகள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பார்வையாளர் தலையில் திரையை மாட்டி, நடிகர்கள் அருகில் நின்று தொட்டு வழிநடத்தும் நாடகங்களைச் செய்துவந்தது.

உங்கள் கதைக்கு மிக நெருங்கிய முன்னோடி, ஜோர்டன் டானஹில் எழுதி, லண்டன் நேஷனல் தியேட்டரும் கனடா தேசியத் திரைப்பட வாரியமும் சேர்ந்து உருவாக்கிய 'டிரா மீ க்ளோஸ்' என்ற படைப்பு. 2017-இல் விழாக்களில் முன்னோட்டமாகவும் 2019-இல் லண்டன் யங் விக் அரங்கிலும் காட்டப்பட்டது. அதில் பார்வையாளர் ஐந்து வயதுக் குழந்தையாகிறார். தாயாக நடிப்பவர் அசைவுணர்வி உடை அணிந்து அதே அறையில் இருக்கிறார். ஹெட்செட்டுக்குள் அந்தத் தாய் கோட்டோவியமாகத் தெரிகிறார். தாய் அணைக்கும்போது உண்மையில் ஒரு மனிதர் அணைக்கிறார். சிக்கனமாக வரையுங்கள், கோட்டோவியம் போதும் என்று மேலே சொல்லப்பட்டது அங்கே நடைமுறையில் நின்று காட்டியிருக்கிறது.

இனி, இது நாடகமா? என் அளவுகோல் ஒன்றுதான். நான் இங்கே இருக்கிறேன் என்பது அங்கே உள்ளவருக்குத் தெரிகிறதா? தெரிந்து, அதனால் அவர் செய்வதில் ஏதேனும் மாறுகிறதா? மாறுகிறது என்றால் நாடகம். ஆட்களே இல்லாமல் முன்பே பதிவு செய்த காட்சியை எவ்வளவு நுட்பமாக என்னைச் சுற்றி எழுப்பினாலும், நான் எழுந்து போய்விட்டால் அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். 2020-இல் அரங்குகள் மூடிக் கிடந்தபோது ஜெர்மனியின் அவுக்ஸ்புர்க் அரசு நாடக அரங்கம், பதிவு செய்த காட்சிகளை ஹெட்செட்டில் ஏற்றிப் பார்வையாளர் வீட்டுக்கே அனுப்பி வைத்தது. அந்தக் காலத்தில் அது நல்ல காரியம். இருந்தாலும் என் அளவுகோலின்படி அது நாடகத்தின் நினைவு, அவ்வளவே. இதில் என்னோடு சண்டை போட நிறையப் பேர் வருவார்கள் என்பது தெரியும்.

நடிப்பவர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும், இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஹெட்செட் அணிந்தவருக்குக் கண் கிடையாது. பாதி முகம் பிளாஸ்டிக். எஞ்சியிருப்பது மூக்கு நுனியும் வாயும் தாடையும். இத்தனை ஆண்டுகள் பார்வையாளரின் கண்ணைப் படித்துப் பழகிய எனக்கு முதல் இரண்டு வாரம் சுவரிடம் பேசுவதுபோல் இருந்தது. பிறகு மெய்ப்பாடு வேறு இடங்களில் தெரியத் தொடங்கியது. கேள்வி கேட்டதும் கீழுதடு உள்ளே மடங்கும். பெருவிரல் மற்ற விரல்களுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். தாங்க முடியாத வசனத்துக்குத் தோள் ஒரு விரற்கடை மேலேறி, மூச்சை விடும்போதுதான் இறங்கும். உங்கள் முதியவர் வசனத்தைத் தொடங்க வேண்டியது அந்தத் தோள் இறங்கிய பிறகு. இதைக் கணினியிலிருந்து குறிப்புக் கொடுத்து நடத்த முடியாது, நடிகரிடமே விட்டுவிடுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை நடிக்கச் சொல்லப்போகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். ஐந்தாவது காட்சி வரை எனக்கு ஒன்றும் தெரியாது. எட்டாவதில் பார்வையாளரின் கையைப் பிடிக்கும்போது அது யாருடைய கை என்பதே மரத்துவிடும். ஒரே ஒருவருக்காக நடிக்கும்போது பின்வரிசையில் ஒளிந்துகொள்ள இடமில்லை என்பது பார்வையாளருக்கு மட்டும் பொருந்துவதன்று.

திரைவிலக்கி

இருவருக்கும் நன்றி. இருட்டை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். எழுத்திலும் அதற்கு ஒரு காரணம் அமைந்துவிட்டது, வீட்டின் மின்இணைப்பு அந்த இரவோடு துண்டிக்கப்படுகிறது என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன்! மூத்த நடிகரிடம் 'நீங்கள் இருப்பது அவருக்குத் தெரிகிறதா' என்ற அளவுகோலைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் முதியவராக நானே நடிக்கிறேன்" என்றார்.

ஒரு சந்தேகம். கையைத் தொடப்போகிறோம் என்று பார்வையாளரிடம் முன்பே சொல்லிவிட்டால் சாவியின் கணம் கெட்டுவிடாதா? சொல்லாமல் விடலாமா?

வாசலில் நிற்பவள்

விடக் கூடாது. இதற்காகவே கணக்குத் தொடங்கி எழுதுகிறேன்.

நான் மேடைக்கு வருபவள் அல்லள். பார்வையாளரை வரவேற்று, ஹெட்செட்டை மாட்டி, முடிந்ததும் கழற்றி, வாசல்வரை கொண்டுபோய் விடுபவள். பெயர் வேண்டாம், ஒரு தயாரிப்பில் இயக்குநர் உங்களைப் போலவே கேட்டார், சொல்ல வேண்டாம் என்று முடிவும் செய்தார். மூன்றாம் நாள், நடுத்தர வயதுப் பெண் ஒருவர் உள்ளே இருந்தபோது நடிகர் பின்னாலிருந்து அவர் தோளைத் தொட்டார். அவர் அலறவில்லை. இரண்டு கைகளாலும் ஹெட்செட்டைப் பிடித்துப் பிய்த்து எறிய முயன்றார். பின்பட்டை முடியில் சிக்கிக் கழலவில்லை. கண்முன் வேறோர் உலகம், தோளில் யாருடையதென்று தெரியாத கை, தலையில் கழற்ற முடியாத ஒரு பொருள். நான் ஓடிப்போய்ப் பட்டையைத் தளர்த்த ஐந்தாறு நொடிதான் ஆகியிருக்கும். அவருக்கு அது எவ்வளவு நேரமாக இருந்திருக்கும் என்று இன்றும் யோசிப்பேன். அவருக்குப் பழைய அனுபவம் ஏதாவது இருந்ததா என்று கேட்க எனக்கு உரிமையில்லை. தயாரிப்பாளர்கள் 'எதிர்பாராத எதிர்வினை' என்று பதிவேட்டில் எழுதி முடித்துக்கொண்டார்கள்.

அரங்கில் உட்கார்ந்திருப்பவர் கண்ணை மூடிக்கொள்ளலாம், பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கலாம், எழுந்து போகலாம். ஹெட்செட்டுக்குள் இருப்பவருக்கு வாசல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. ஆகவே சொல்லிவிடுங்கள். "ஒருவர் உங்கள் கையைத் தொடுவார். விருப்பமில்லை என்றால் கையை மேசைமேல் கவிழ்த்து வைத்துக்கொள்ளுங்கள், அவர் தொடமாட்டார்" என்று சொன்னால் போதும். எப்போது, எதற்காக என்று சொல்ல வேண்டாம். உங்கள் கணம் கெடாது. தொடப்போகிறார் என்று தெரிந்தே உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து 20 நிமிடம் காத்திருப்பவர் சாவியைப் பெறும் முறையே வேறாக இருக்கும். கை கவிழ்ந்திருந்தால் முதியவர் சாவியை மேசைமேல் வைக்கட்டும். அந்த முடிவையும் எழுதி ஒத்திகை பாருங்கள்.

மாட்டுவதற்கு முன் பட்டையை எப்படிக் கழற்றுவது என்று பார்வையாளர் தம் கையாலேயே ஒருமுறை செய்து பார்க்கட்டும். மூக்குக் கண்ணாடி அணிந்தவருக்கு, கண்ணாடிக்கு இடம் விடும் இடைச்சட்டம் தேவைப்படும். கண்மணிகளுக்கு இடையிலுள்ள தொலைவு ஆளுக்கு ஆள் மாறும், பெரியவர்களுக்குச் சராசரி 63 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் விட்டால் படம் மங்கும், தலை வலிக்கும், பார்வையாளர் அதை நாடகத்தின் குறையென்றே நினைப்பார். ஒவ்வொருவருக்கும் பிறகு முகத்தில் படும் உறையைத் துடைப்பது அல்லது மாற்றுவது, மின்கலத்தைப் பார்ப்பது, வலிப்பு வரக்கூடியவரா என்று முன்பே கேட்பது எல்லாம் என் போன்றவர்களின் வேலை. இரண்டாவது ஹெட்செட் ஒன்று முழு மின்னேற்றத்தோடு கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்கட்டும்.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். 20 நிமிட நாடகம். மாட்டவும் விளக்கவும் கழற்றவும் துடைக்கவும் 15 நிமிடம். ஆக ஒருவருக்கு 35 நிமிடம். ஆறு மணி நேரத்தில் 10 பேர். ஒரு மாதம் விடுமுறையின்றி நடத்தினாலும் 300 பேர்தான். நடுத்தர அரங்கு ஒன்று ஒரே மாலையில் கொள்ளும் கூட்டம். இதைக் கண்டு பயந்து பலர் நாடகத்தை 10 நிமிடமாக வெட்டுகிறார்கள். வெட்டாதீர்கள், அறையைப் பிரியுங்கள். முன்னறையில் ஒருவர் தயாராகும்போது நடு அறையில் ஒருவருக்கு நாடகம் நடக்கட்டும், பின்னறையில் இன்னொருவர் ஆற அமர உட்கார்ந்திருக்கட்டும். நடு அறையைச் சரிசெய்ய 5 நிமிடம் வைத்துக்கொண்டால் 25 நிமிடத்துக்கு ஒருவர், அதே ஆறு மணி நேரத்தில் 14 பேர். இதற்கு மேல் நடிகரால் முடியாது. மூன்றாம் மணி சொன்னதைப் பார்த்தால் 14-க்கே இரண்டு நடிகர்கள் முறைவைத்துச் செய்ய வேண்டும்.

இந்த மூன்று அறைகளை வெறும் வசதியாக நினைக்காதீர்கள். மெக்சிகோ எல்லையைக் கடக்கும் மக்களைப் பற்றித் திரைப்பட இயக்குநர் அலெஹாந்த்ரோ இன்யாரிட்டு 2017-இல் கான் திரைப்பட விழாவில் காட்டிய 'கார்னே ஈ அரேனா'வில் நடிகர் யாரும் இல்லை. ஹெட்செட்டுக்குள் இருப்பது ஏறக்குறைய ஆறரை நிமிடம் மட்டுமே. அதற்கு முன் பார்வையாளர் தனியாக ஒரு குளிர்ந்த அறையில், எல்லையில் கண்டெடுத்த காலணிகளுக்கு நடுவே, தம் காலணியைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும். பிறகு வெறுங்காலோடு மணலில் நடக்க வேண்டும். முடிந்து வெளியே வரும் வழியில் அந்த மக்களின் முகங்களையும் அவர்கள் கதைகளையும் காணொளியில் பார்க்க வேண்டும். அந்த ஆறரை நிமிடத்தைச் சுமந்தவை முன்னும் பின்னும் இருந்த அறைகளே என்பது என் எண்ணம். உங்கள் வீடு காலியாகும் கதைக்கு முன்னறை எப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கழற்றும்போது பேசாதீர்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்கவே கேட்காதீர்கள். விளக்கை மெல்லக் கூட்டி, ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டு விலகி நில்லுங்கள். சிலர் உடனே எழுந்து போவார்கள். சிலர் கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

கம்பிவடம்

கை கவிழ்ந்திருந்தால் வேறு முடிவு என்பது நிரலில் ஒரு கிளை மட்டுமே, அரை நாள் வேலை. ஆனால் அதைத் தீர்மானிப்பது கேமராவாக இருக்கக் கூடாது. பக்கத்தில் நிற்கும் இயக்குபவர் கண்ணால் பார்த்துப் பொத்தானை அழுத்தட்டும். இருட்டுக்கு அதுபோன்ற இன்னொரு பொத்தானை நடிகரின் காலடியில் வைத்துவிட்டால் தோள் இறங்கும் நேரத்தையும் அவரே பார்த்துக்கொள்வார்.

திரைவிலக்கி

பதினைந்து நாள் கழித்து வருகிறேன். கண்ணைக் கட்டி ஆறு பேருக்கு நடத்திப் பார்த்தோம். முதல் மூவருக்கு நாடகம் எடுபடவில்லை. வீட்டை வருணிக்கும் வசனம் மிக அதிகம். கண்ணால் பார்க்கப்போவதைக் காதாலும் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு பக்கம் குறைந்தது. இப்போது முதியவர் வீட்டைப் பற்றிப் பேசுவதேயில்லை, அடுத்து வரப்போகும் ஆட்களுக்குக் கதவின் எந்தத் தாழ் இறுகிக்கொள்ளும் என்று மட்டும் சொல்கிறார்.

நான்காமவர் கையைக் கவிழ்த்து வைத்திருந்தார். மூத்த நடிகர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும், நாங்கள் நிறுத்திவிடலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கை மேசையைத் தடவிக்கொண்டே போய்ச் சாவியைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டது. இந்த முடிவுதான் மற்றதைவிட நன்றாக இருக்கிறது என்று குழுவில் பாதிப்பேர் சொல்கிறார்கள். எதை முதன்மையாக வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.

மூத்த நடிகர் காட்சி தொடங்கும் முன்பே சாவியை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துக்கொள்கிறார். இரும்பு சில்லென்று இருந்தால் அது பொருள், வெதுவெதுப்பாக இருந்தால்தான் அது ஒருவர் வைத்திருந்தது என்கிறார். டிராக்கர் கட்டிய மணிக்கட்டோடு அதை எப்படிச் செய்யப்போகிறார் என்று தெரியவில்லை. கம்பிவடம், பட்டை இன்னும் மெல்லியதாகக் கிடைக்குமா?

ஆறு பேரில் இருவர் சாவியைத் திருப்பித் தராமல் போய்விட்டார்கள். கேட்கவும் மனம் வரவில்லை. கூடுதலாக 30 சாவிகள் செய்யச் சொல்லியிருக்கிறோம்.